ஒரு கிலோ பாணிக்கு எத்தனை கிலோ விறகு? ஹுன்னஸ்கிரியவின் வனக் கணக்கு

கண்டி–மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியவில் இறங்கி வடக்கே திரும்பினால் லூல்வத்தை, அதைத் தாண்டி மீமுரே. நக்கிள்ஸ் காட்டை ஒட்டிய ஊர்கள் இவை. இங்கே காடு ஒரு வீட்டுக்கு எவ்வளவு தருகிறது, எவ்வளவு கேட்கிறது?

வறுமை
2019-இல் இலங்கையின் வறுமைக்கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். நால்வர் வீட்டுக்கு 27,864. கோட்டுக்குக் கீழே இருந்தோர் நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டப்புறத்தில் 33.8 சதவீதம்.

வரவு
24 நாடுகளில் ஏறத்தாழ 8,000 வீடுகளில் நடந்த ஆய்வொன்று (2014), வருமானத்தில் சுமார் 22 சதவீதம் இயற்கைக் காட்டிலிருந்து வருவதாகக் கண்டது. சரியாக வறுமைக்கோட்டிலேயே நிற்கும் நால்வர் வீட்டுக்கு இந்த விகிதத்தைப் பொருத்தினால் மாதம் 6,130 ரூபாய். அது நின்றால், வீட்டில் ஒருவரின் பங்கு ஏறக்குறைய முழுதாகப் போகும்.

நின்றுபோன வரவு
நக்கிள்ஸில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடு 1873-இலேயே ஒதுக்கப்பட்டது. ஆனாலும் மர நிழலில் ஏலக்காய்ச் செய்கை பரவியது. அதற்காக அடிச்செடிகள் வெட்டப்பட்டன. காய் உலர்த்த விறகும் எரிந்தது. 1980களில் ஏலச் செய்கைக்குத் தடை வந்தது. 2000-இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்டுக்கு இவை லாபம். ஏலக்காயை நம்பிய வீட்டுக்கோ வரவுக் கணக்கில் ஒரு வரி அழிந்தது.

கித்துள் கணக்கு
மிச்சமிருப்பது கித்துள் மரம். அதன் பாளையைச் சீவி எடுக்கும் பதநீரைக் காய்ச்சினால் பாணி. பதநீரில் சர்க்கரை 10, பாணியில் 65 சதவீதம் என வைத்தால்:

- 1 கிலோ பாணிக்குப் பதநீர்: 6.5 கிலோ
- ஆவியாக வேண்டிய நீர்: 5.5 கிலோ
- தேவையான வெப்பம்: சுமார் 14.5 மெகாஜூல்
- காய்ந்த விறகின் வெப்பம்: கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல்
- 15 சதவீதம் வெப்பம் பானைக்குச் சேரும் மூன்று கல் அடுப்பில்: 6.4 கிலோ விறகு
- 25 சதவீதம் சேரும் அடுப்பில்: 3.9 கிலோ

அடுப்பை மாற்றினாலே கிலோ பாணிக்கு 2.5 கிலோ விறகு மிச்சம். அவ்வளவும் யாரோ தலையில் சுமந்து வரும் பாரம்.

தேய்மானம்
கித்துள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளைவிட்டு, முடிந்ததும் பட்டுப்போகும். கன்று பாளைவிடப் பத்தாண்டுக்கு மேலாகும். ஆகவே சீவுகிற மரத்துக்கு ஈடாக இன்றே கன்று நடாத வீடு, வருமானம் என்று எழுதுவது மூலதனத்தைத்தான்.

வனத்தைக் காக்கும் செலவில் ஒரு பங்கை அதன் ஓரத்து வீடுகள் ஏற்கெனவே கட்டிவிட்டன. நல்ல அடுப்பும் கித்துள் கன்றும் அவர்களுக்குத் தரும் சலுகையல்ல, வரவேண்டிய பாக்கி.