வாக்கில்லாதவர்களின் அமைச்சர்

கல்வி அமைச்சர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? புதிய வகுப்பறைக் கட்டடத் திறப்பு விழா, தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அளிக்கும் பேட்டி, ஆசிரியர் மாறுதலுக்கு யாரேனும் வாங்கித் தரும் சிபாரிசுக் கடிதம். அவருடைய பொறுப்பின் கடினமான பகுதியோ நம் கண்ணில் படுவதில்லை. வேளாண்மை அமைச்சரை உழவர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம், தோற்கடிக்கவும் செய்யலாம். கல்வி அமைச்சர் யாருக்காகப் பணிபுரிகிறாரோ அவர்களுக்கு வாக்குரிமை வரும்போது பள்ளிப் பருவம் முடிந்து விடுகிறது. அவருக்கு வாக்களிப்போர் பெற்றோரும் ஆசிரியரும் தொழில் நடத்துவோருமே. இவர்களுடைய விருப்பமும் பிள்ளையின் நலமும் ஒன்றாக இருக்கும்வரை தொல்லையில்லை. ஒன்றாக இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் வேறில்லை எனலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், பள்ளிக் கல்வியின் தலைமைப் பொறுப்பாளரை மக்களே தனியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முறை அதுவன்று. நாம் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம்; முதலமைச்சர் அவர்களுள் ஒருவரிடம் கல்வித் துறையை ஒப்படைக்கிறார். சென்னை மாகாணத்தில் இரட்டையாட்சி ஏற்பட்டு, 1920-ஆம் ஆண்டின் இறுதியில் கல்வி இந்திய அமைச்சரின் கைக்கு வந்த நாளிலிருந்து வழக்கம் இதுவே. ஆகவே நம் கல்வி அமைச்சர் ஒரு தொகுதிக்கும் முதலமைச்சருக்கும் கடமைப்பட்டவர். அவர் சொல்லும் திட்டத்துக்கு நிதியமைச்சர் பணம் தரவேண்டும். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வி பொதுப்பட்டியலுக்குச் சென்றது. அதனால் டில்லியின் சொல்லுக்கும் அவர் செவிசாய்க்க வேண்டியதாயிற்று.

இத்தனைக் கட்டுகளுக்கிடையிலும் அரும்பணி நடந்த காலம் ஒன்று உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்று அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1954 ஏப்ரலில் விருதுநகர்க் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. கல்வித் துறையை சி. சுப்பிரமணியம் ஏற்றிருந்தார். நிதித்துறையும் அவரிடமே இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்பவரும் அதற்குப் பணம் ஒதுக்குபவரும் ஒருவரேயானால் கோப்பு எவ்வளவு விரைவாக நகரும்! இவர்களுக்குத் துணையாகப் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இருந்தார். அமைச்சர்கள் வருவர், போவர். இயக்குநரும் ஆய்வாளர்களுமே பள்ளிக்குப் பள்ளி நடந்து வேலையை முடிக்க வேண்டியவர்கள். தலைமையும் அலுவலகமும் ஒரே மனத்தோடு இயங்கிய ஆண்டுகள் அவை.

மதிய உணவு பிறந்ததும் அப்போதுதான். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய உண்மையிலிருந்து 1956-இல் அது தொடங்கிற்று. செலவில் ஒரு பகுதியை அரசும் மறுபகுதியை ஊராரும் ஏற்றனர். வானம் பார்த்த கரிசல் பூமியில் கம்பும் கேழ்வரகும் கொடுத்த கைகள் அப்பள்ளியைத் தம்முடையதென்று எண்ணத் தொடங்கியது, உணவுக்கு மேலான ஒரு பயன் என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னர் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சி இதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். காமராசர் 1957-லும் 1962-லும் சட்டமன்றத்துக்குச் சென்றது சாத்தூர் தொகுதியிலிருந்து. சாத்தூரும் சிவகாசியும் தீப்பெட்டித் தொழிலின் நாற்றங்கால்கள். 1920-களில் சிவகாசி இளைஞர் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். மழை பொய்க்கும் பூமிக்கு அத்தொழில் உயிர் கொடுத்தது. அதை மறுப்பது நன்றி கொல்வதாகும். ஊருக்கொரு பள்ளி எழுந்துகொண்டிருந்த வட்டாரத்திலேயே, குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் தேவைப்பட்டன. பின்னாளில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே ஆலைப் பேருந்து ஊருக்குள் வரும். அரைத் தூக்கத்தில் பிள்ளைகள் ஏறுவர். இருட்டிய பின்னரே வீடு திரும்புவர். ஊரார் அதைத் 'தீப்பெட்டி ஆபீசுக்குப் போவது' என்றார்கள். ஆபீசு என்ற சொல்லில்தான் எத்தனைக் கசப்பு! 1980-களில் வெளியான மதிப்பீடுகளுள் ஒன்று, இவ்வட்டாரத்தில் வேலை செய்த சிறாரை ஏறத்தாழ 45,000 என்றது. இவர்களுள் பெண் பிள்ளைகளே மிகுதி.

ஊரில் பள்ளி இருந்தது; ஆசிரியரும் இருந்தார்; பின் ஏன் பிள்ளை பேருந்தில் ஏறியது? தாய் முன்பணம் வாங்கியிருந்தாள் என்பது ஒரு விடை. பெட்டிக்கு இத்தனைக் காசு என்ற கணக்கில் பிள்ளையின் உழைப்பு அடுப்பை எரியவைத்தது என்பது மற்றொன்று. பெற்றோர் கொடியவர் அல்லர். ஆனால் தேர்தலில் வாக்களித்தவர்கள் அவர்களும் ஆலை நடத்தியவர்களுமே. ஏறிப்போன பிள்ளைக்கு வாக்கில்லை. அந்தப் பேருந்தை நிறுத்துவேன் என்று மேடையில் சொல்ல எந்த வேட்பாளருக்குத் துணிவு வரும்?

இன்னொரு காரணமும் உண்டு. அதனை அதிகம் பேர் பேசுவதில்லை. கல்வித் துறையின் கணக்கில், வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே மாணவர். பெயர் நீங்கிய பிள்ளை அத்துறையின் பார்வையிலிருந்து மறைந்து, தொழிலாளர் துறையின் பொறுப்பாகிவிடும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தி அதன் தடைப் பட்டியலில் இடம்பெற்றது. அதையடுத்து, வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி நடத்தும் தேசியத் திட்டம் முதன்முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. அதை நடத்தியதும் மத்தியத் தொழிலாளர் அமைச்சகமே. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சிவகாசியை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலைக்கு வைத்தவர் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. ஆக, சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கை வரும்போது, பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றி விடைசொல்ல முழுப்பொறுப்புள்ளவர் எவரும் இல்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்த நிலையை மாற்றத் தொடங்கிற்று. 2021-க்குப் பின் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அத்திட்டமும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. வேலைக்குப் போன பிள்ளை கல்வித் துறையின் பிள்ளையாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இதற்கிடையே இம்மாவட்டத்திலிருந்தே ஒரு கல்வி அமைச்சரும் வந்தார். 2006-இல் அருப்புக்கோட்டையில் வென்ற தங்கம் தென்னரசு 2011 வரை அப்பொறுப்பை வகித்தார். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்திருந்ததை ஒன்றாக்கும் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அது நிறுத்தி வைக்கப்பட்டது; அச்சடித்த புத்தகங்கள் கட்டுக்கட்டாய்க் கிடக்க, பிள்ளைகள் பாடநூலின்றி வகுப்பில் அமர்ந்திருந்தனர். 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே புத்தகம் கைக்கு வந்தது. ஒரு கட்சியின் கல்வித் திட்டத்தை மறுகட்சி பகையாகக் கருதும் இவ்வழக்கத்தை நாம் எந்தக் கட்சிக்காகவும் மன்னிப்பதற்கில்லை.

இன்று விடியற்காலைப் பேருந்தில் பிள்ளைகளைக் காண்பதற்கில்லை. விருதுநகர் மாவட்டம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது, 2018-லும் பெற்றது. பட்டாசு ஆலையில் திரி வெட்டும் தாய் தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்புவது இங்கு வியப்பன்று. ஆனால் ஆலை விபத்துகள் ஓயவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடிவிபத்து பல குடும்பங்களை ஒரே பகலில் சிதைத்தது. விபத்தில் தாயோ தந்தையோ மடிந்தால், வீட்டின் மூத்த பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு அதே வேலைக்குப் போகும் அபாயம் இன்றும் உண்டு. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் ஸ்டாலின், இவ்விபத்துகளில் உயிரிழப்போரின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசு ஏற்கும் என்றும், அதற்கென ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எத்தனைப் பிள்ளைகளுக்கு, எத்தனை மாதத்துக்குள் இந்த உதவி சேர்ந்தது என்று நம் சட்டமன்ற உறுப்பினர் அவையில் கேட்க வேண்டும். அவரைக் கேட்கவைப்பது நம் வேலை.

நம் மறைமாவட்டப் பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில், ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. உதவிபெறும் பள்ளியின் பிள்ளையும் அமைச்சரின் பிள்ளையே என்பதை ஏற்க இத்தனைக் காலம் பிடித்தது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அமைச்சர் தொலைவில் இருக்கிறார். இக்குழுவோ நம் தெருவில் இருக்கிறது. ஆனால் வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தால், எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஆலைப் பெண் எப்படி வருவாள்? தலைமை ஆசிரியர்களும் பங்குத் தந்தையரும் அதை ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பிறகு வைக்கலாமே.