செல்லில் ஒரு தாத்தா, வீட்டில் ஒரு அப்பத்தா



போன மாதம் விளையாட்டு பீரியடில் நடந்தது இது. சட்டையை உள்ளே விடச் சொல்லிவிட்டு சார் அந்தப் பக்கம் திரும்பியதும், ஒருவன் மெதுவாக "பூமர்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அந்த சாருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது! "பூமர்னா என்னடா அர்த்தம்?" என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. "பழைய ஆளு" என்றான் ஒருவன். "அட்வைஸ் பண்றவங்க" என்றான் இன்னொருவன். அர்த்தம் தெரியாமலேயே ஒரு சொல்லை வைத்துப் பெரியவர்களை அளக்கிறோமே என்று தோன்றியது. தேடிப் பார்த்தேன். அதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

பூமர் எங்கிருந்து வந்தார்?

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது. போருக்குப் போனவர்கள் வீடு திரும்பினார்கள். அமெரிக்காவில் குழந்தைகள் பிறப்பது திடீரென்று கூடியது. 1946 முதல் 1964 வரை பிறந்த அந்தத் தலைமுறைக்கு 'பேபி பூமர்' என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான், முதலில் அதில் கேலி எதுவும் கிடையாது.

2019-ல் 'ஓகே பூமர்' என்ற வார்த்தை இணையத்தில் தீ மாதிரி பரவியது. அந்த ஆண்டு நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் க்ளோயி ஸ்வார்ப்ரிக் என்ற 25 வயது உறுப்பினர் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டபோது "ஓகே பூமர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். 'நீங்கள் கெடுத்து வைத்த பூமியில் நாங்கள்தானே வாழப்போகிறோம்' என்ற கோபம் அதில் இருந்தது. நம் ஊருக்கு வரும்போது அந்தக் கோபம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. கேலி மட்டும் வந்து சேர்ந்தது. 2024-ல் ஒரு தமிழ்ப் படத்துக்கே 'பூமர் அங்கிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

செல்லுக்கு நம் தாத்தாவைத் தெரியுமா?

தெரியாது. நாம் எதை எவ்வளவு நேரம் பார்த்தோம், எதைத் திரும்பப் பார்த்தோம், எதை அடுத்தவனுக்கு அனுப்பினோம் என்பதுதான் அதற்குத் தெரியும். எதில் நாம் நின்றோமோ அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். 2020 ஜூனில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. எல்லாமே சின்னச் சின்ன வீடியோ. அரை நிமிஷத்தில் ஒரு மனிதரைப் பற்றி என்ன காட்ட முடியும்? ஒன்று, சிரிக்க வைக்க வேண்டும். இல்லை, அழ வைக்க வேண்டும்.

அதனால் செல்லில் நமக்குத் தெரிகிற பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. முதல் வகை: இங்கிலீஷ் தப்பாகப் பேசுகிறவர், செல்லைத் தலைகீழாகப் பிடிக்கிறவர், பேரன் பயமுறுத்தியதும் அலறுகிற பாட்டி. இரண்டாம் வகை: வயல் நடுவே சமைக்கிற தாத்தா, எண்பது வயதில் ஆடுகிற பாட்டி. முதல் வகையைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரண்டாம் வகைக்கு இதயம் போடுகிறோம். சொன்னதையே சொல்கிற, மூட்டு வலிக்கிற, கோபப்படுகிற, கணக்கில் கெட்டிக்காரரான நம் வீட்டுப் பெரியவர் இந்த இரண்டிலும் இல்லை. அவரைப் புரிந்துகொள்ள அரை நிமிஷம் போதாது.

2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வயதை வைத்து ஒருவரை மட்டமாக நினைப்பது உலகத்தில் இரண்டு பேரில் ஒருவரிடம் இருக்கிறதாம். நம் பெஞ்சில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"தப்பான ஃபார்வர்டு எல்லாம் பெருசுங்க வேலை" என்று நாம் சொல்வோம். 2018-ல் 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி பரவியது ஞாபகம் இருக்கிறதா? நாம் சின்னப் பிள்ளைகள், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த வயதான அம்மா ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் கூடி அடித்ததில் இறந்தே போனார். ஒரு பாட்டி குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது எத்தனை சாதாரண விஷயம்! செல் காட்டியபடி பார்த்ததால் அது குற்றமாகத் தெரிந்தது. அதை நம்பியதில் எல்லா வயதுக்காரர்களும் இருந்தார்கள்.

நல்லதே இல்லையா?

இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துப் பெரியதம்பி தாத்தாவை எல்லோருக்கும் தெரியும். முன்பு விசேஷ வீடுகளில் சமைத்தவர். 2018-ல் பேரன்கள் சேர்ந்து வில்லேஜ் குக்கிங் சேனல் ஆரம்பித்தார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். அங்கே தாத்தா கேலிப்பொருள் இல்லை. அவருக்குத் தெரிந்த தொழிலைப் பேரன்கள் கூட நின்று செய்கிறார்கள். அதே செல்தான், அதே கேமராதான். பக்கத்தில் நிற்கிறோமா, எதிரில் நின்று சிரிக்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் எதிரில் நின்றவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பத்தா ஏன் கேட்கவில்லை?

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அப்பத்தா அதை நேரில் பேசுகிற போன் என்று நினைத்துக்கொள்ளும். "நல்லா இருக்கியாம்மா?" என்று செல் சொல்லும். "நல்லா இருக்கேன்யா, நீ சாப்ட்டியா?" என்று கேட்கும். செல் அதன்பாட்டுக்கு வேறு ஏதோ பேசும். "ஏய்யா, நான் கேக்குறது காதுல விழுகலையா?" என்று கத்தும். இதை நான் வீடியோ எடுத்து, சிரிப்புப் பாட்டு சேர்த்து, அம்மா செல்லில் இருந்து நம் வகுப்பு குரூப்பில் போட்டேன். எத்தனை பேர் சிரித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அது எப்படியோ சுற்றி, ஒரு காதுகுத்து வீட்டில் சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்பத்தாவிடமே காட்டிவிட்டான். அப்பத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்தது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

அதற்கப்புறம் நான் செல்லைக் கையில் எடுத்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும். "இத எப்படிய்யா அமுக்குறது?" என்று கேட்பதும் நின்றுபோனது. நான் கவனிக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு போன் வந்தது. பேங்க்கில் இருந்து பேசுவதாகச் சொன்னார்களாம். "உங்க கார்டு முடங்கிப்போச்சு, கார்டுல உள்ள நம்பரச் சொல்லுங்க, இப்ப வர்ற ஆறு நம்பரச் சொல்லுங்க." அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும். சொல்லிவிட்டது. உதவித்தொகையில் சேர்த்து வைத்த 4,000 ரூபாய் போச்சு. நான் அடுத்த அறையில்தான் படித்துக்கொண்டிருந்தேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அப்பத்தா?" என்றேன்.

"கேட்டா நீ சிரிப்பியேன்னுதான்யா கேக்கல."

நண்பர்களே, கேலியின் விலை இதுதான். சிரித்துவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். கேட்க ஆளில்லாத பெரியவரைத்தான் ஏமாற்றுக்காரன் தேடுகிறான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போலீஸ் வேஷம் போட்டு வீடியோ காலில் மிரட்டுகிறவர்கள் படித்த, ஓய்வு பெற்ற பெரியவர்களையே ஏமாற்றியிருக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது.

நாம் என்ன செய்யலாம்?

1. பெரியவர்களைக் கேட்காமல் வீடியோ எடுக்க வேண்டாம், அனுப்ப வேண்டாம்.

2. அவர்கள் தப்பான செய்தியை அனுப்பினால் குரூப்பில் கிண்டல் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஏன் தப்பு என்று சொல்லுவோம். நாமும் பார்த்து அனுப்புவோம்.

3. ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

4. அக்டோபர் 1 உலக முதியோர் தினம். அன்றைக்கு ஸ்டேட்டஸ் வைப்பதோடு நிறுத்தாமல், நம் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்போம். பதிலை முழுசாகக் கேட்போம்.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன். உங்கள் செல்லில் இருந்தால் நீங்களும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா செல்லைக் கொண்டுவந்து, கொஞ்சம் தயங்கி நின்று, "இதுல பேசி அனுப்புறது எப்படிய்யா?" என்று கேட்டது. மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்.

சிரிக்கவில்லை.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்