குளிரிலும் வளரும் கிருமி
கர்ப்பிணிகளுக்கு சாசேஜும் சலாமியும் விலக்கப்பட்டவை அல்ல. சூடாக்காமல் சாப்பிடுவதில்தான் ஆபத்து.

2017ஆம் ஆண்டின் மத்தியில் தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் பச்சிளம் குழந்தைகளுக்கு சிகிச்சை அளிக்கும் டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவால் பாதிக்கப்பட்டு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்துகொண்டிருந்தது. பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களுக்கு இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது?

விடை கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. 2018 ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தைச் சேர்ந்த சிறுவர்கள் நோயுற்றார்கள். காப்பகத்தின் ஃப்ரிட்ஜில் இருந்த ‘போலனி’ சோதனைக்குப் போனது. அரைத்த இறைச்சியைக் குழலில் அடைத்து வேகவைத்து, பிறகு வில்லைகளாக வெட்டி ரொட்டியில் வைத்து அப்படியே சாப்பிடும் மலிவான பண்டம் அது. தடயம் பொலோக்வானே நகரத் தொழிற்சாலை ஒன்றில் போய் முடிந்தது. மார்ச் 4ஆம் தேதி சுகாதார அமைச்சர் ஆரோன் மொட்சோலெடி அதைப் பகிரங்கமாக அறிவித்தார். செப்டம்பரில் நோய் ஓய்ந்தபோது உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 1,060 பேர்; இறந்தவர்கள் 216 பேர். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் கர்ப்பிணிகள் அல்லது அவர்களுக்குப் பிறந்த சிசுக்கள்.

வளர்ந்த நாடுகளும் தப்பவில்லை. 2024இல் அமெரிக்காவில் வெட்டி விற்கப்பட்ட ஈரல் சாசேஜ் போன்ற இறைச்சிகளால் 19 மாநிலங்களில் 61 பேர் பாதிக்கப்பட்டனர். 10 பேர் இறந்தனர்.

சாசேஜ், சலாமி, ஹாம் ஆகியவை இன்று பெங்களூர், மும்பை, டெல்லி சூப்பர் மார்க்கெட்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. போனில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஏற்கனவே வேகவைத்ததுதானே, பிரித்ததும் சாப்பிடலாம் என்ற எண்ணம் இயல்பானது. சிக்கல் அங்கேதான்.

தொழிற்சாலையில் வேகவைக்கும்போது லிஸ்டீரியா செத்துவிடும். ஆனால் பிறகு வில்லை போடும் இயந்திரத்திலிருந்தோ, ஈரமான தரையிலிருந்தோ, கழிவுநீர்க் குழியிலிருந்தோ அது மறுபடியும் ஒட்டிக்கொள்ள முடியும். உப்பைத் தாங்கும், காற்று நீக்கிய பாக்கெட்டிலும் பிழைக்கும். பெரும்பாலான கிருமிகள் முடங்கிக் கிடக்கும் ஃப்ரிட்ஜின் குளிரில்கூட மெதுவாகப் பெருகும். ஃப்ரீஸரில் பெருக்கம் நிற்குமே தவிர, கிருமி சாகாது. இறைச்சியின் நிறமும் மணமும் மாறாததால், முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

ஆரோக்கியமான ஒருவருக்கு இதனால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். கர்ப்ப காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி மாறுவதால் கிருமி ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையலாம். மற்றவர்களைவிட கர்ப்பிணிகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். கொடுமை என்னவென்றால், தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் மட்டுமே இருக்கலாம். சிசுவுக்கோ கருச்சிதைவு, குறைப்பிரசவம், மூளைக்காய்ச்சல் வரை போகலாம். சாப்பிட்டுப் பல வாரங்கள் கழித்தும் அறிகுறி தெரியக்கூடும் என்பதால், எந்த உணவு காரணம் என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இந்தியாவில் இந்நோய் அரிதாகவே பதிவாகிறது. அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. கருச்சிதைவு ஏற்படும்போதெல்லாம் கிருமியைத் தேடும் சோதனை செய்யப்படுவதில்லை.

சூடுதான் காவல்

இதற்காக இறைச்சியையே ஒதுக்குவது இன்னொரு தவறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. நன்றாக வெந்த ஆட்டிறைச்சி, கோழி, மீன், முட்டை அவர்களுக்குத் தேவை. கொதிக்கக் கொதிக்க இறக்கிய குழம்பிடம் லிஸ்டீரியாவின் ஜம்பம் பலிக்காது. கோவாவின் சொரிசோவை வெங்காயத்தோடு நன்கு வேகவிட்டு, சூட்டோடு சாப்பிடும் வழக்கமும் இந்த வகையில் நல்லதே.

பாக்கெட் இறைச்சிக்கும் விதி அதேதான். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது ஆவி பறக்கும் வரை சூடாக்கி, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். சாண்ட்விச்சை டோஸ்ட் செய்தால் ரொட்டி சிவந்திருக்கும், நடுவிலிருக்கும் ஹாம் சில்லென்றே இருக்கும். இறைச்சியைத் தனியாக வதக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது. நடுவே ஒருமுறை புரட்டிவிடுவது அவசியம். சாலட்டின் மேல் தூவிய சலாமியையும், விருந்துகளில் மணிக்கணக்கில் பரப்பி வைத்திருக்கும் இறைச்சித் தட்டையும் பிரசவம் வரை தவிர்க்கலாம்.

பாக்கெட்டைக் கையாண்ட கத்தி, பலகை, கை ஆகியவற்றை சோப்புப் போட்டுக் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்கக்கூடாது. ஃப்ரிட்ஜின் குளிர் 4 டிகிரிக்கு மேல் போகாதிருப்பது நல்லது.

சூடாக்காமல் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு எதுவும் நேராது. ஆனால் அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், ‘சாதாரண ஜுரம்’ என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடக்கூடாது. என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் கிருமி தெரியக்கூடும். ஆம்பிசிலின் போன்ற பழகிய மருந்துகளே அதற்குப் போதும். உரிய நேரத்தில் கொடுத்தால் பல சமயங்களில் சிசுவையும் காப்பாற்றிவிடலாம்.