ஃபிஜித் தீவின் காற்றும் கரும்பும்

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர் வட்டாரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மழை பொய்த்து ஏரிகள் வறண்டால் நிலமற்ற தொழிலாளர் பிழைப்பிழக்கும் பகுதி இது. 1903-க்கும் 1916-க்கும் இடையே, வட ஆர்க்காட்டினர் உட்பட ஏறத்தாழ 15,000 தென்னிந்தியர், கரும்புத் தோட்ட வேலைக்காக ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தென் பசிபிக்கிலுள்ள ஃபிஜிக்குச் சென்றனர்.

ஃபிஜியின் பெருந்தீவான விட்டி லெவு, எரிமலைப் பாறைகளாலானது. தென்கிழக்கு வியாபாரக் காற்று நடுமலைகளில் மோதுவதால், கிழக்கேயுள்ள சுவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேற்கேயுள்ள நாடி, லௌடோகா, பா ஆகியவை மழை மறைவுப் பகுதிகள். மே முதல் அக்டோபர் வரை அங்கு நிலவும் வறண்ட பருவம் கரும்பின் இனிப்பைக் கூட்டுகிறது, வெட்டுவதற்கும் ஏற்றது. ஆகவே ஆலைகளும், அவற்றைச் சார்ந்து தமிழ், தெலுங்குக் குடியிருப்புகளும் அங்கே வளர்ந்தன.

ஒப்பந்தம் முடிந்த பின் பலர் குத்தகை உழவராயினர். எனினும், நாட்டு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பூர்வகுடிக் குலங்களின் பொது உடைமை. அதை விற்க இயலாது. 1997 முதல் குத்தகைகள் முடிவடையத் தொடங்கியபோது, தலைமுறைகளாக உழுத நிலத்தைவிட்டுப் பல குடும்பங்கள் வெளியேறின. கரும்பு எங்கே விளையும் என்பதைக் காற்றும் மலையும் முடிவு செய்தன. உழவர் அங்கே நிலைப்பதை நில உரிமையே முடிவு செய்தது.