சுண்ணாம்பு கொதிக்குது, யூரியா குளிருது: ஏன்?



கனகம்மாசத்திரம், திருத்தணி பக்கத்தில் எலுமிச்சை, மா வைத்திருக்கிறவர்களுக்குப் போர்டோ கலவை புதுசு இல்லை. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே என்ற அறிஞர் 1885-இல் சொன்ன பூசண மருந்து இது. இதற்குச் சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தொட்டி கொதிக்கிறதே, அடுப்பு இல்லாமல் அந்தச் சூடு எங்கிருந்து வருது?

காளவாயிலிருந்துதான். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுடும்போது கல் வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. இது வெப்பம் கொள் வினை. வாங்கிய வெப்பத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் பட்டவுடன் திருப்பித் தருகிறது. இது வெப்பம் உமிழ் வினை. இந்த வரவு செலவைத்தான் படிக்கிற பிள்ளைகள் 'என்தால்பி மாற்றம்' என்பார்கள். சுத்தமான சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ விடுகிற வெப்பம், 3 லிட்டர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்!

யூரியா இதற்கு நேர் எதிர். 1 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் போட்டால் சுமார் 5 டிகிரி குளிர்ந்துவிடும். இது கரைதல்தான், வினை அல்ல. ஆனால் கணக்கு ஒன்றுதான். குளிர்ந்த தண்ணீரில் கரைய நேரம் ஆகும். முழுக்கக் கரைந்த பிறகு வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளியுங்கள்.

சுண்ணாம்பில்தான் ஆபத்து. கட்டிமேல் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். நிறையத் தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகப் போடுங்கள். முகத்தைத் தொட்டிமேல் நீட்டாதீங்க. கண்ணாடி, கையுறை போடுங்க. பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க. கண்ணில் பட்டால் எண்ணெய், தாய்ப்பால் என்று தேடி நிற்காமல், உடனே சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சூடு மட்டுமல்ல, அதன் காரமும் பார்வையைப் பறித்துவிடும்.

சுண்ணாம்புப் பால் நன்றாக ஆறட்டும். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம். பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள்; செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள்.

மரம் பிழைத்தால் போதாது. உங்கள் கண்ணும் பிழைக்கணும்.