தோல் மட்டும் மிஞ்சிய பெயர்

"தம்பி, கட்டா இருக்கோ?" கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கேட்கிறார். "கட்டாவா" என்று சிங்களத்தில் அதையே திருப்பிச் சொல்லிக் கத்தியை எடுக்கிறார் மீன்காரர். கறிக்கும் கருவாட்டுக்கும் நமக்கு அது கட்டாதான். ஆனால் அந்த இனத்து மீன் ஒன்றுக்கு விஞ்ஞானம் வைத்த பெயரிலும் தமிழ் இருக்கிறது: ஸ்கொம்பரொய்டஸ் டோல். அந்த 'டோல்' நம்முடைய தோல்.

1832இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இதை வருணித்தபோது, மீன் வந்தது புதுச்சேரியிலிருந்து. அங்கே அதற்குத் தோல்பாரை என்று பெயர். ஊசிபோல் மெலிந்த செதில்கள் உள்ளே புதைந்திருப்பதால் தடவினால் தோல்தான் கையில் படும். கடற்கரையில் யாரோ விரலால் கண்டறிந்த உடற்கூறு அது. ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது.

குவியே பாரையை விட்டுவிட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டார். 1793இல் பெர்லின் மருத்துவர் பிளாக்கும் இதையே செய்தார். தரங்கம்பாடி மிஷனரி ஜான் அனுப்பிய கறுத்த கத்தாளை மீனை ஜோனியஸ் கருட்டா என்றார். பேரினம் ஜானுக்குப் போனது, நிறம் தமிழில் நின்றது, கத்தாளை காணாமற்போனது. 1969இல் இந்திய ஆய்வாளர் லால் மோகன் 'கத்தலா' என்றே ஒரு பேரினத்துக்குப் பெயரிட்டபோது அந்தச் சொல் திரும்பி வந்தது. பாரைக்கு அந்த வாய்ப்பு நிலைக்கவில்லை. குவியே 1833இல் 'பாரா' என்று பெயரிட்ட மீனுக்கு பிளாக் 1793இலேயே வேறு பெயர் சூட்டியிருந்தார். முந்திய பெயரே செல்லும் என்பது விதி.

ஊர்விட்டுப் போன சொல் பழைய வடிவிலேயே நின்றுவிடுவதுண்டு. தென் இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து குடியேறிய அல்பேனியரின் ஊர்கள் இருக்கின்றன. சிசிலியின் பியானா டெலி அல்பனேசி 1488இல் எழுந்தது. தாய்நாட்டில் வழக்கொழிந்த பழைய வடிவங்கள் சில அங்கே இன்னும் வாயில் புழங்குகின்றன. விலங்கியல் பெயரும் அப்படி ஊர்விட்டுப் போன சொல்தான். 'டோல்' தவறான உச்சரிப்பு என்று நாம் முறையிட்டாலும் எழுத்து மாறாது.

இலங்கை மீன்களைப் பற்றி மீனியலாளர் மன்ரோ 1955இல் வெளியிட்ட நூலில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் உண்டு. அதற்குப் பின் எத்தனையோ கரைகளின் ஆட்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மீன் வாங்கும் மூத்தவர்களிடம் கேட்டு, எந்த மீனுக்கு எந்தக் கரையில் என்ன பெயர் என்று யாராவது இப்போதே எழுதி வைக்க வேண்டும். பாரையை விடாமல், முழுப் பெயராக.