மூன்று மீட்டர்கள் போன கதை: கம்பி வராத இடத்துச் சோலாரும் கண்காணிப்புக் கருவியும்

வழக்கமாகச் சமண நூல், கல்வெட்டு என்று எழுதுகிறவன் இந்த மலரில் சோலார் மீட்டரைப் பற்றி எழுதுகிறானே என்று அன்பர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. நம்மவர் பலர் ஊர்த் தோட்டத்திலும் பண்ணை வீட்டிலும் சோலார் போட்டு வருகிறார்கள். கரண்ட் கம்பி வராத இடமானால் பேட்டரிதான் உயிர். பேட்டரியின் நிலையைச் சொல்லும் கருவியோ பல இடங்களில் வருஷத்துக்கு இரண்டு முறை பழுதாகிறது. மெக்கானிக் வருகிறார், புதிதாக ஒன்றை மாட்டுகிறார், பணம் வாங்கிக்கொண்டு போகிறார். ஆறு மாதத்தில் அதுவும் போய்விடுகிறது.

கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனால் ஆள் சரியில்லை எனலாம். ஒரே வருஷத்தில் மூன்று பேர் போனால் கோளாறு கடையில் இருக்கிறது.

கருவியின் வேலை

கட்ச் பகுதியில், ரண் ஓரம், ஆடு மாடுகளைப் பராமரிக்கும் ஒரு பாஞ்சராப்போலுக்கு 2019-இல் சோலார் போட்டார்கள். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொடுக்க நான் அங்கே போய் வருவேன். 2 வோல்ட் செல் 24 சேர்த்து 48 வோல்ட், 600 ஆம்பியர்-அவர் பேட்டரி. பெருக்கினால் 28.8 யூனிட். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது சுமார் 14 யூனிட்தான். அதில்தான் 3 எச்.பி. போர் மோட்டார் ஓடி மாடுகளுக்குத் தண்ணீர் வர வேண்டும்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதை வோல்ட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மோட்டார் ஓடும்போது வோல்ட் இறங்கும், வெயிலில் சார்ஜ் ஆகும்போது ஏறும். பல மணி நேரம் சும்மா விட்டால்தான் உண்மை தெரியும். அதனால் நெகட்டிவ் கம்பியில் ஷன்ட் என்ற பித்தளைக் கட்டையை வைக்கிறார்கள். 500 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைக்கும் இடையே 50 மில்லிவோல்ட் காட்டும். 60 ஆம்பியருக்கு 6 மில்லிவோல்ட். கருவி அதைப் படித்து, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பேரேடு எழுதுகிறது. இவ்வளவு நுட்பமான கருவி இவ்வளவு பெரிய மின்னோட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

முதல் கருவி: ஜனவரி 2021

பெட்டியில் 48 வோல்ட் என்று போட்டிருந்தது. ஆனால் 48 என்பது பெயர்தான். செல் ஒன்றுக்கு 2.4 வோல்ட் என்று சார்ஜ் ஏறும்போது மொத்தம் 57.6. செல்களைச் சமன்செய்யும் ஈக்வலைஸ் சார்ஜில் செல்லுக்கு 2.6 வரை போகும், அதாவது 62.4. குளிர் காலத்தில் சார்ஜ் கன்ட்ரோலர் இன்னும் கொஞ்சம் ஏற்றும். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 24 செல்லுக்குச் சேர்த்துச் சுமார் 0.1 வோல்ட். அறை 15 டிகிரி என்றால் 63 வோல்ட்டைத் தாண்டிவிடும். கருவி உள்ளே இருந்த பவர் சப்ளை தாங்குவதோ 60. கெட்டுப்போனது ஈக்வலைஸ் நடந்த அன்று மத்தியானம். தேதியை எழுதி வைத்திருந்ததால்தான் இது பிடிபட்டது.

இரண்டாம் கருவி: ஜூன் 2021

இந்த முறை 75 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்கினோம். முதல் மழையில், இடி விழுந்த ராத்திரி போச்சு. பவர் சப்ளை நன்றாகவே இருந்தது. டேட்டா லைன் சிப்தான் கருகியிருந்தது. பம்ப் அறைக்கு 40 மீட்டர் கேபிள் இழுத்திருந்தார்கள். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு இடத்துப் பூமியும் ஒரே அளவில் இருக்காது. கண நேரத்துக்குப் பெரிய வித்தியாசம் வரும். ஆர்.எஸ். 485 லைன் தாங்கும்படி வகுத்திருப்பது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான்.

புதுக் கருவி வர மூன்று வாரம் ஆனது. மேகமூட்டமான நாட்கள். காவலாளி குத்துமதிப்பாக மோட்டார் போட்டார். பேட்டரி அடிமட்டம் வரை இறங்கி ஒருநாள் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. மாடுகளுக்கு டேங்கரில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. இரண்டு செல்லையும் மாற்றினோம்.

மூன்றாம் கருவி: அக்டோபர் 2021

இடியும் இல்லை, குளிரும் இல்லை. "காகா, இந்தக் கம்பெனி மாலே மட்டம், வேற மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். (குஜராத்தில் காகா என்றால் சித்தப்பா, பறவை அல்ல!) எனக்குச் சரியாகப் படவில்லை. டேட்டா கேபிளைத் தடவிப் பார்த்தேன். மேலுறை உருகியிருந்தது. தகவல் போகும் கம்பி எதற்குச் சூடாக வேண்டும்?

மோட்டாரை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவ் பாதையில் ஒவ்வொரு போல்ட்டின் இரு பக்கமும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். மற்ற இணைப்புகளில் 2, 3 மில்லிவோல்ட். ஷன்ட்டுக்கு முந்தைய போல்ட்டில் மட்டும் 600 மில்லிவோல்ட்! போல்ட் தளர்ந்திருந்தது. ஓடியது 60 ஆம்பியர். அப்படியானால் அந்த ஒரு போல்ட்டில் 36 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்ன் அளவு. பேட்டரிக்குத் திரும்பும் வழி இறுகியதால் மின்னோட்டம் வேறு வழி தேடியது. இன்வெர்ட்டரிலிருந்து டேட்டா கேபிளின் மெல்லிய கிரவுண்ட் கம்பி, அங்கிருந்து கருவி, கருவியின் நெகட்டிவ் வழியாகப் பேட்டரி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் அந்தக் கம்பி பல ஆம்பியரைச் சுமந்திருக்கிறது.

பேட்டரி அறையில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். அந்த அறையில், வைக்கோல் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒரு போல்ட் மாதக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கருவியை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

செய்ய வேண்டியவை

1. கருவி போன தேதி, நேரம், வானிலை, அப்போது ஓடிய லோடு ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். எந்தப் பகுதி கருகியது என்று திறந்து பாருங்கள்.

2. மல்டிமீட்டரில் அதிகபட்ச வோல்ட்டைப் பிடித்து வைக்கும் பட்டன் இருந்தால் ஈக்வலைஸ் நாளில் அதைப் போட்டுப் பாருங்கள். மின்னல் அலை அதில் சிக்காது.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டுச் சில வாரம் ஓட்டுங்கள். பிறகு கேபிளை மாட்டி, கருவிக்குத் தனியாகச் சின்ன பேட்டரி கொடுத்துப் பாருங்கள். எதில் பிழைக்கிறது என்பது வழி காட்டும்.

4. 36 முதல் 75 வோல்ட் வரை ஏற்கும், உள்ளும் புறமும் மின்தொடர்பு இல்லாத ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் வழியாகக் கருவிக்கு மின்சாரம் கொடுங்கள். பேட்டரிப் பக்கமே சின்ன ஃபியூஸ் இருக்கட்டும். ஷன்ட்டின் உணர்வுக் கம்பிகளுக்கும் வேண்டும்.

5. டேட்டா லைனில் ஐசொலேட்டர், நீளக் கேபிளானால் சர்ஜ் அரெஸ்டர். கேபிள் முறுக்கிய ஜோடியாக, பவர் கம்பியிலிருந்து விலகி இருக்க வேண்டும். உறைக் கம்பிக்கு ஒரு முனையில் மட்டும் எர்த்.

6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லோடு போட்டு எல்லா இணைப்பிலும் மில்லிவோல்ட் பாருங்கள். கூட்டத்தில் ஒன்று மட்டும் ஜாஸ்தி காட்டினால் அதுதான் குற்றவாளி. இறுக்கும் முன் லோடையும் சார்ஜையும் நிறுத்துங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். ஜன்னலைத் திறந்து, உறையிட்ட ஸ்பேனரால் பேட்டரி கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பழக்கமில்லாதவர் தொட வேண்டாம்.

இரு காரணம்

எங்கள் சமண நூல்கள் ஒரு காரியத்துக்கு உபாதானம், நிமித்தம் என இரு காரணம் சொல்லும். பொருளின் உள்ளே இருக்கும் இயல்பு உபாதானம், வெளியிலிருந்து வந்து சேர்வது நிமித்தம். 60 வோல்ட்தான் தாங்கும் என்பது கருவியின் இயல்பு. குளிர்கால ஈக்வலைஸ் வெளியிலிருந்து வந்தது. மெக்கானிக் உள்ளே இருப்பதை மட்டும் குறை சொன்னார். வெளியே மட்டும் பார்த்து மட்டமான கருவியை வாங்கி மாட்டுவதும் தப்பு. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வதை ஏகாந்தம் என்பார்கள்; மீட்டர் விஷயத்திலும் அது செலவுதான் வைக்கும்.

மேலே சொன்னவற்றைச் செய்து மாட்டிய நான்காவது கருவி இரண்டு மழைக்காலமும் இரண்டு குளிர்காலமும் தாங்கியது. அதன் விலையைவிட, ஐசொலேட்டருக்கும் ஃபியூஸுக்கும் ஆன செலவு கம்மி. உங்கள் தோட்டத்து மீட்டர் இரண்டாம் முறை பழுதானால் புதிது வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் பேட்டரி அறைக்குப் போய் போல்ட்டுகளைப் பாருங்கள்.